வேட்டியில் ஒட்டிய சிவப்பு: ஒரு 1996 மாருதி 800-இன் பெயிண்ட் மீண்ட விவரம்

வண்டிக்காரர் என்னிடம் வந்ததற்குக் காரணம் வண்டி அல்ல, வேட்டி. தங்கை மகள் கல்யாணத்துக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போனவர், மண்டப வாசலில் யாருக்கோ வழி விடுவதற்காகத் தன் காரையே ஒட்டி நின்றிருக்கிறார். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ரோஸ் நிறத் தீற்றல். பந்தியில் உட்காரப் போகும்போது மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், "குங்குமம் கொட்டிடுச்சா?" என்று கேட்டாராம். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சென்னை தண்டையார்பேட்டையில் என் கார் பாலிஷ் ஷெட் வாசலில் வண்டி நின்றது.

"பெயிண்டு செத்துப்போச்சு தம்பி. மொத்தமா ஒரு கோட்டு அடிச்சி வுட்டா இன்னா ஆவும்?"

இது நடந்தது 2024 பிப்ரவரியில். வண்டி 1996-இல் வாங்கிய சிவப்பு மாருதி 800. அன்றிலிருந்து ஒரே கை. வீடு காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில். கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். கார் நிறுத்த இடம் கிடையாது; இருபத்தெட்டு வருஷமும் தெருவில்தான் நின்றிருக்கிறது. பெரியவர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ஜூன் 14 வரை 61 நாளும் படகு ஒவ்வொன்றாகக் கரையேறும், எஞ்சின் இறங்கும், அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதற்குள் காரை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

தடைக்காலத்தில் படகுகளுக்குச் செய்வதைத்தான் காருக்கும் செய்யச் சொன்னார். தேய்த்து, மேலே ஒரு கோட்டு. வேறொரு ஷெட்டில் இதற்கு 38,000 ரூபாய் சொல்லியிருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்வதற்கு முன் வண்டியைப் பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதி பார்ப்பதிலேயே இருக்கிறது.

பார்த்தது

பானெட்டில் விரலை வைத்து இழுத்தேன். விரல் நுனியில் ரோஸ் தூள். விரல் போன தடத்தில் மட்டும் கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே, அதே சங்கதிதான். பெயிண்ட் என்பது நிறமித் தூளும், அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் சேர்ந்த ஒரு தோல். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிசினின் கட்டை அவிழ்க்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பிசின் அரித்துப் போன இடத்தில் நிறமித் தூள் பிடிமானம் இல்லாமல் மேலே உதிரியாக நிற்கிறது. மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தவரை வெளிச்சம் நேராகத் திரும்பி வந்தது. இப்போது தூளில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. சிதறின வெளிச்சம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் சிவப்பு வண்டி ரோஸ் ஆகிறது.

ஆனால் ரோஸ் ஆனதெல்லாம் ஒரே நோய் அல்ல. தூள் பூத்து வெளுத்திருப்பது ஒன்று. நிறமியே வெயிலில் எரிந்து சாயம் போயிருப்பது இன்னொன்று. முதலாவதை மீட்கலாம். இரண்டாவதை, கீழே நல்ல அடுக்கு மிச்சம் இருந்தால் மட்டும் ஓரளவுக்கு மீட்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணீர் போதும். அம்மிக்கல் காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், நனைத்தால் கருப்பு. பெயிண்டும் அப்படித்தான். பள்ளம் மேடெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொள்வதால் சிதறல் நின்று உள்ளே இருக்கும் நிறம் தெரிந்துவிடும். பானெட்டில் ஊற்றினேன், நல்ல ரத்தச் சிவப்பு. வலதுபக்கக் கதவுகளும் அப்படியே. ரூஃப் நடுவில் ஊற்றியபோது மட்டும், ஒரு தாம்பாளத் தட்டு அளவு இடம் நனைந்தும் வெளிறியே இருந்தது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தேன்.

அப்புறம் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்பக்கம் துடைத்துக் காட்டினேன். வெயில் படாத இடம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னாபா, இந்தக் கலரா இது? நானே மறந்துட்டேன்."

அடுத்தது வெள்ளைத் துணி. கொஞ்சம் பாலிஷைத் தொட்டு ஒவ்வொரு பேனலிலும் மறைவான ஓரத்தில் தேய்த்தேன். துணி சிவந்தால் மேலே இருப்பதே கலர், அதாவது ஒற்றை அடுக்குப் பெயிண்ட். சிவக்காமல் அழுக்கு மட்டும் வந்தால் கலருக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு க்ளியர் கோட் இருக்கிறது. வண்டி முழுக்கத் துணி சிவந்தது. இடது பின் கதவில் மட்டும் சிவக்கவில்லை. அந்தக் கதவில் வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிந்து, ஓரம் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டும் நின்றது. 2009-இல் ஒரு தண்ணி லாரி உரசிவிட்டுப் போனதில் அந்தக் கதவையும் அதற்குப் பின்னால் உள்ள ஃபெண்டரையும் டிங்கரிங் பார்த்துப் புதிதாக அடித்திருக்கிறார்கள்.

கடைசியாகத் தடிமன் மீட்டர். இது இரும்புத் தகட்டுக்கு மேல் எத்தனை மைக்ரான் பூச்சு இருக்கிறது என்று சொல்லும். வலது கதவுகள் 100-இலிருந்து 110. பானெட் 86-இலிருந்து 97. ரூஃப் 80-இலிருந்து 88, சாக்பீஸ் வட்டத்துக்குள் 79 வரை இறங்கியது. இடது பின் கதவு 300-ஐத் தாண்டியது. ஃபெண்டரில் 900-க்கு மேல். அது பெயிண்ட் அல்ல, பட்டி. கம்பெனியில் அடித்து வந்த பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே ஒரு தலைமுடிப் பருமன்தான். அதில் அடியில் துரு பிடிக்காமல் காக்கும் கோட்டும் ப்ரைமரும் பாதியைத் தின்றுவிடும். மிச்சம் இருக்கும் 35, 40 மைக்ரான் சிவப்புதான் நாம் செலவு செய்யக்கூடிய கையிருப்பு.

பாலிஷ் போடுகிறவர்கள் பலர் வாயில் வராத வார்த்தை இந்த "செலவு". பளபளப்பைக் கொண்டுவந்து மேலே வைப்பதில்லை நாம். கெட்டுப்போன தோலைச் சீவி எடுக்கிறோம். ஒவ்வொரு முறை மெஷின் ஓடும்போதும் கொஞ்சம் பெயிண்ட் துணியில் போய்விடுகிறது, அது திரும்பி வராது.

ஏன் முழுசாக அடிக்கவில்லை

படகுக்குச் சரிப்படுவது காருக்குச் சரிப்படாது என்று பெரியவரிடம் சொல்வது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. உப்புக்காற்றைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். படகில் கோட்டு மேல் கோட்டு ஏறி, தடிமன் கூடிக்கொண்டே போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த வருஷமும் கரையேற்றி அடிக்கத்தான் போகிறார்கள். காரில் 38,000-க்குச் சொன்னவர்கள் கண்ணாடியைக் கழற்றப் போவதில்லை, ரப்பர் பீடிங்கைக் கழற்றப் போவதில்லை. டேப் ஒட்டி அடிப்பார்கள். டேப் ஓரத்தில் புதுப் பெயிண்டின் விளிம்பு நிற்கும், அதற்குள் உப்பு ஈரம் இறங்கும், இரண்டு மழைக்காலத்தில் விளிம்பு தூக்கும். தூளைச் சரியாகத் தேய்த்து எடுக்காமல் மேலே அடித்தாலோ கேட்கவே வேண்டாம், கோலமாவு மேல் ஸ்டிக்கர் ஒட்டின கதை. அதைவிட முக்கியம், தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய அடிக்கோட்டு. தகடு முழுவதையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றியது அது. நம் ஷெட் எதிலும் அதற்கு ஈடு செய்ய முடியாது. துரு இல்லாமல் இருபத்தெட்டு வருஷம் காசிமேட்டில் நின்ற ஒரு தகட்டைச் சுரண்ட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் கேட்டார்: அடிப்பதாக இருந்தால் வெள்ளையாக அடித்துக்கொள்ளலாமே, சூடும் குறையும் என்று. ஆர்.சி.-யில் சிவப்பு என்று இருக்கும்போது கலரை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதைப் பதிய வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி.-க்குப் போய் நிற்க வேண்டும், பசுமை வரி வேறு. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆகவே முடிவு: ஒற்றை அடுக்குப் பேனல்களை மீட்பது. உரிந்த கதவை மட்டும் அடிப்பது. ஃபெண்டரைத் தொடாமல் விடுவது. ரூஃப் வட்டத்தைப் பற்றி வாக்குக் கொடுக்காமல் இருப்பது.

உப்பு, டீசல், இரும்பு

வண்டியைத் தினமும் கழுவுவேன் என்று பெருமையாகச் சொன்னார். போர் தண்ணீரில். எங்கள் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். கழுவி, அப்படியே வெயிலில் காய விட்டிருக்கிறார். தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. பானெட் முழுக்கக் காசு அளவு வெள்ளை வளையங்கள். இது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் துடைக்கிற டீசல் துணியால் ஒரு துடைப்பு. டீசல் தேய்த்தால் சாயந்திரம் வரைக்கும் வண்டி புதுசு மாதிரி மின்னும், தண்ணீர் ஊற்றினால் மின்னுகிற அதே காரணத்துக்காக. மறுநாள் அந்தப் பிசுக்கில் ஊர்த் தூசியெல்லாம் உட்கார்ந்துவிடும், ரப்பர் பீடிங் ஊறிப்போகும். பம்பரில் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

முதல் கழுவலுக்கு லாரித் தண்ணீர் வாங்கினேன். பிசுக்குப் போக ஷாம்பூ இரண்டு முறை. வெள்ளை வளையங்களுக்கு வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, உடனே அலசினேன். முக்கால்வாசி கரைந்தது. மிச்சம், பெயிண்டையே அரித்துப் பள்ளம் போட்டவை; அவை பாலிஷில்தான் போகும்.

அடுத்து இரும்புத் தூள் எடுக்கும் மருந்து. இதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வேடிக்கை. தெளித்து இரண்டு நிமிடத்தில், ரூஃப் முழுக்க ஊதா நிறத்தில் கண்ணீர் வடிய ஆரம்பித்தது. நாவல்பழச் சாறு மாதிரி. நாற்றம் மட்டும் அழுகின முட்டை. மருந்தில் உள்ள கந்தகச் சேர்மம் இரும்போடு சேரும்போது அந்த நிறம் வரும். நிறம் வந்த இடத்திலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் பெயிண்டில் குத்திக்கொண்டு துரு பிடித்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ராயபுரம், கொருக்குப்பேட்டை ரயில் பாதைகளில் பிரேக் போடும்போது உதிரும் தூள் ஒரு பக்கம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றதே, அதற்கு முந்தைய பதினைந்து வருஷமும் இந்த வண்டி அதே காற்றில்தான் நின்றிருக்கிறது. அந்தக் காலத்தில் ராயபுரத்தில் குடியிருந்தவர்களுக்கு ஜன்னல் திட்டில் விரல் வைத்தால் என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெளுத்த ஒற்றை அடுக்குப் பெயிண்டில் இந்த மருந்து சில சமயம் கறை விடும். அதனால் கதவுக்குக் கீழே கண் படாத இடத்தில் முதலில் தெளித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் விடவில்லை, காய விடவே இல்லை. அப்புறம், பெயிண்டில் ஒட்டிய துகளை இழுத்து எடுக்கும் களிமண் மாதிரியான க்ளே கட்டி. சோப்புத் தண்ணீர் வழுக்கலில் தேய்க்கத் தேய்க்க உள்ளங்கை கரகரப்பு குறைந்து சீராக வழுக்கியது. வெள்ளைக் கட்டி செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது, தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

எண்ணெய் ஊறின இரவு

இந்த வண்டியில் நான் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்டில் மெஷின் வைப்பதற்கு முன் எண்ணெய்ப் பசை நிறைந்த க்ளேஸ் ஒன்றைத் தாராளமாகத் தடவி ஒரு ராத்திரி ஊற விடுவது வெளிநாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் செய்யும் முறை. மெகையர்ஸ் 7-ஆம் நம்பர் க்ளேஸ் இதற்குப் பேர்போனது. "பெயிண்டுக்குத் தீனி போடுகிறோம்" என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. பெயிண்ட் காய்ந்த தோல், அது எதையும் தின்னாது. ஆனால் தூள் பூத்த அடுக்கு பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, எண்ணெய் அதில் இறங்கும். இறங்கினால் தேய்க்கும்போது உதிரித் தூள் வறண்டு பறக்காமல் பசையோடு சேர்ந்து வரும், மெஷின் பேட் கீழே உள்ள நல்ல பெயிண்டைப் பிறாண்டாது. அந்த அளவுக்கு நம்பலாம் என்று தோன்றியது.

நம்பிக்கை வேறு, பார்ப்பது வேறு. பானெட்டில் இரண்டடிச் சதுரம் ஒன்றை மாஸ்கிங் டேப் ஒட்டி நாலாகப் பிரித்தேன். முதல் கட்டத்தில் மெல்லிய பாலிஷ், மிருதுவான ஃபோம் பேட். இரண்டாவதில் நடுத்தர பாலிஷ். மூன்றாவதில் கம்பளிப் பேடும் முரட்டுக் காம்பவுண்டும் (பெயிண்டை அதிகம் சீவும் பசை), நம்மூர் ஷெட்களில் எடுத்த எடுப்பில் வைப்பது. நாலாவதில் ராத்திரி முழுக்க க்ளேஸ், காலையில் துடைத்துவிட்டு இரண்டாவது கட்டத்தின் அதே நடுத்தர பாலிஷ்.

ஷெட்டில் ட்யூப் லைட் நேர் மேலே இருக்கிறது. எனக்கு அதுதான் பளபளப்பு மீட்டர். தொடாத இடத்தில் ட்யூப் லைட் வெறும் வெளுத்த மேகம். முதல் கட்டத்தில் ஒரு நீளமான வெளிச்சம் என்று தெரிந்தது, ஓரம் தெரியவில்லை. இரண்டாவதில் ஓரம் வந்தது, ஆனால் துண்டு துண்டாக. மூன்றாவதில் ஓரம் கூர்மை, ஆனால் லைட்டைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல். நாலாவதில் ஓரம் கூர்மை, கீறலும் மிகக் குறைவு, சிவப்பும் மற்ற மூன்றைவிட ஒரு படி ஆழம்.

மீட்டரை வைத்தேன். இந்த மீட்டர்கள் இரண்டு மூன்று மைக்ரான் முன்னே பின்னே காட்டும். ஒருமுறை வைத்து வந்த எண்ணை நம்பக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அதே புள்ளியில் பத்துத் தடவை வைத்துச் சராசரி எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் ஐந்து மைக்ரான் போயிருந்தது. நாலாவதில் இரண்டுக்குள். பளபளப்பு ஏறக்குறைய ஒன்றே, செலவு பாதிக்கும் குறைவு. க்ளேஸ் சீசா காலியாகும் வரை வண்டி முழுக்கத் தடவி, இரண்டு ராத்திரி ஊற வைத்தேன்.

துடைத்த துணிகளைப் பார்த்து என் உதவியாள் பையன், "அண்ணே, கசாப்புக் கடை மாதிரி கீது" என்றான்.

மெஷின்

பிப்ரவரி என்றாலும் பதினோரு மணி வெயிலில் சிவப்புத் தகடு கை வைக்க முடியாமல் சுடும். சூட்டில் பாலிஷ் ஓடி முடிவதற்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பெயிண்டும் இளகும். அதனால் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் மெஷின். மொத்தம் ஐந்து காலை. ஆட்டிச் சுற்றும் டி.ஏ. மெஷின், ஒரு முழச் சதுரம், குறுக்கும் நெடுக்குமாக நாலு ஓட்டம். ஒற்றை அடுக்கில் பேட் சீக்கிரம் சிவப்பை அடைத்துக்கொள்ளும். அடைத்த பேடோடு இன்னொரு சதுரத்துக்குப் போனால் எடுத்த தூளையே திரும்பத் தேய்ப்போம். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒருமுறை பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன், மூன்று சதுரத்துக்கு ஒரு பேட் மாற்றினேன். கறுப்பு ப்ளாஸ்டிக், பீடிங் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டேப். அவற்றில் பாலிஷ் பட்டு வெள்ளைக் கறை நின்றால் பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஷெட் சுவரில் மட்டும் ஆரத்தித் தண்ணீர் வீசினது மாதிரி சிவப்புத் தெறித்திருந்தது. இன்னமும் இருக்கிறது.

மூன்றாவது காலை, தப்பு நடந்தது. இடது ஹெட்லைட்டுக்கு மேலே பானெட் வளையும் விளிம்பில் ஒரு பழைய கீறல். டி.ஏ. மெஷினில் போகவில்லை. மணி ஒன்பதே கால், முடித்துவிடலாம் என்ற அவசரத்தில், ஆடாமல் ஒரே இடத்தில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடை மாட்டி மூன்று வினாடி வைத்தேன். விளிம்பில் பெயிண்ட் எப்போதுமே மெல்லியது. அடிக்கும்போதே அங்கே தங்காமல் இரண்டு பக்கமும் இறங்கிவிடும். விளிம்புகளுக்கு டேப் ஒட்டி வைக்கச் சொல்லி நான்தான் பையனுக்குப் பாடம் எடுப்பேன். அந்த விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பை நானே பத்து நிமிடம் முன்னால் பிய்த்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளரி விதை அளவுக்குச் சாம்பல் நிற ப்ரைமர். பையன் எதுவும் சொல்லாமல் டீ வாங்கப் போய்விட்டான்.

பெரியவருக்கு உடனே போன் செய்து சொன்னேன். மறைத்து டச்-அப் வைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காதுதான். வந்து பார்த்தார். "நான் நாப்பது வருசமா எஞ்சினு பிரிக்கிறேன், ஒரு நட்டு கூட கீழ வுடலன்னு சொல்ல முடியுமா?" என்றார். அவ்வளவுதான். பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு பெயிண்ட் மிக்ஸிங் கடைக்குப் போய், அதன் உள்பக்க நிறத்துக்குக் கலந்து வாங்கி, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று சொட்டு வைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு 2500 நம்பர் வாட்டர் பேப்பரால் மேட்டை மட்டும் இறக்கினேன். தெரிந்து தேடினால் தெரியும்.

ரூஃப் வட்டத்தில் இரண்டே ஓட்டம். 79 இருந்தது 77-க்கு வந்தது, சிவப்பு கொஞ்சம் ஏறியது. ஆனால் சுற்றியிருக்கும் சிவப்போடு சேரவில்லை. தாம்பாளத்தின் நடு வெளிறல் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கியது, அவ்வளவே. இன்னும் நாலு ஓட்டம் விட்டால் சேர்ந்திருக்கலாம். சேராமல் ப்ரைமரும் வந்திருக்கலாம். நிறுத்திவிட்டேன்.

கதவு

உரிந்த க்ளியர் கோட்டுக்கு எந்தப் பாலிஷும் மருந்தல்ல. தோல் போய்விட்டது, போனதுதான். கதவை அடிக்கத்தான் வேண்டும். பெயிண்டர் நண்பர் முதல் நாளே கதவைக் கேட்டார், எனக்கு முன்னால் அவர் வேலையை முடித்துக்கொள்ள. தரவில்லை. அன்றைக்குக் கலர் சேர்த்திருந்தால் வெளுத்த முன் கதவைப் பார்த்து ரோஸ் கலந்திருப்பார். நான் பாலிஷ் முடித்த அன்று அந்தக் கதவு தனியாக நின்றிருக்கும். முன் கதவு முழுசாகத் தன் சிவப்புக்கு வந்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.

க்ளியர் கோட் வைக்க வேண்டாம், மற்ற பேனல்கள் மாதிரியே ஒற்றை அடுக்குச் சிவப்பாக, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் அடியுங்கள் என்று கேட்டேன். பளபளப்பு ஒரே மாதிரி தெரியும், இனி வருஷங்களில் வெளுத்தாலும் கூடவே வெளுக்கும், கூடவே பாலிஷும் போடலாம். பழைய கோட்டுகளை நல்ல அடுக்கு வரும் வரை தேய்த்து இறக்கி, ப்ரைமர் வைத்து அடித்தார். ஒன்று சொல்லியாக வேண்டும்: இந்த டூ-கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது மூச்சில் போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிக்கக் கூடாது. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற ஷெட்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நண்பரிடம் அந்த முகமூடி இருக்கிறது, அதனால்தான் அவரிடம் கொடுத்தேன்.

மேலே பாதுகாப்புக்குப் பாலிமர் சீலன்ட், இரண்டு கோட்டு. செராமிக் கோட்டிங் போடலாமே என்று அவர் மகன் போனில் கேட்டார். போடலாம், பணம் இருந்தால். ஆனால் கோட்டிங் கெட்டுப்போகும்போது அதை எடுக்க மறுபடி மெஷின் வைக்க வேண்டும், இந்த ரூஃபுக்கு அந்த வசதி இல்லை. கையால் தடவித் துடைக்கிற ஏதாவது ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதே இந்த வண்டிக்குச் சரி. கார் கவரும் வேண்டாம் என்றேன். கடற்காற்றில் கவருக்குள் ஈரம் தங்கும், காற்றில் அசையும்போது உள்ளே இருக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

கணக்கு: எனக்குச் சாமான் 4,100. கதவுக்குப் பெயிண்டர் வாங்கியது 4,500. கூலி சேர்த்துப் பெரியவரிடம் 14,000 வாங்கினேன். வண்டியை எடுக்க வந்தபோது பானெட்டில் எதிர்வீட்டு ஈ.பி. மீட்டர் பெட்டி தலைகீழாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முன் கதவில் அழுத்தித் தேய்த்து, திருப்பிப் பார்த்து, மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

டிசம்பரில்

ஃபெஞ்சல் புயல் மழையெல்லாம் முடிந்த பிறகு வண்டியைக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் தண்ணீர் இன்னமும் முத்து முத்தாக நின்று ஓடியது. பானெட்டில் சுமார். ரூஃபில் சீலன்ட் போய்விட்டது, தண்ணீர் படுத்துக்கொண்டது. வெள்ளைத் துணியால் தேய்த்தால் ரூஃபில் லேசாக ரோஸ் வந்தது. காக்கை எச்சம் இரண்டு இடத்தில் அரித்திருந்தது. தெருமுனைப் புங்க மரத்தடியில் நிறுத்துகிறார், நிழலுக்கு நிழல், எச்சத்துக்கு எச்சம். போர் தண்ணீரில் கழுவுவதை விடவில்லை, ஆனால் கடைசி அலசலுக்கு ஒரு வாளி மெட்ரோ தண்ணீரும், ஈரம் துடைக்க ஒரு துணியும் வந்திருக்கின்றன. டீசல் நின்றுவிட்டது என்றார். டிக்கியில் டீசல் வாசனை வந்தது, நான் கேட்கவில்லை. கதவின் கலர் மற்றதோடு இன்னும் சேர்ந்தே இருக்கிறது. மெஷினைத் தொடாமல், ரூஃபுக்குக் கையால் க்ளேஸும் சீலன்டும் போட்டேன்.

பிப்ரவரியில் வண்டியைக் கொடுக்கும்போது ஒரு தாளில் எல்லாப் பேனலின் மைக்ரானையும் எழுதி ஆர்.சி. வைத்திருக்கும் ப்ளாஸ்டிக் உறைக்குள் செருகியிருந்தேன். கடைசி வரி: "ரூஃப் நடுவில் 77. இனிமேல் மெஷின் வைக்காதீர்கள்." அடுத்து யார் கைக்குப் போகுமோ என்றுதான் எழுதினேன். நவம்பரில் வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டபோது அங்கிருந்த பையன், ரூஃப் மட்டும் டல்லாக இருக்கிறது, காம்பவுண்ட் போட்டு எடுத்துத் தரேன், காசு வேண்டாம் என்றானாம். மெஷினைக்கூட எடுத்துவிட்டானாம்.

"நீ இன்னா பண்ண?" என்று கேட்ட என் உதவியாள் பையனிடம் பெரியவர் உறையிலிருந்து தாளை உருவிக் காட்டினார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"இத்த அவன் கைல குத்தேன். படிச்சிட்டு மெஷின வச்சிட்டான்."